ஏசில சொல்ற "டன்" எந்த டன்?

எங்க மாமனாரு குளச்சல்ல ஐஸ் பிளாண்ட்ல ரொம்ப வருசம் வேல பாத்தவரு. மாடி ரூமுக்கு ஏசி வாங்கலாம்னு பேச்சு வந்தப்போ நான் "ஒன்னரை டன் போதும் மாமா"ன்னேன், அவரு சாயா கிளாச கீழ வச்சிட்டு "ஒன்னரை டன்னா? செவுரு தாங்குமா மருமவனே?"ன்னு கேட்டாரு. வீடே சிரிச்சுது. ஆனா அவரு கேட்டதுல என்ன தப்பு, டன்னுன்னா எடதான, ஜல்லி டன் கணக்கு, கம்பி டன் கணக்கு, மீனு டன் கணக்கு. சிரிச்ச ஒருத்தருக்கும் அப்ப இது என்ன டன்னுன்னு சொல்லத் தெரியல, என்னையும் சேத்துதான்.

மொதல்ல ஒன்னு, அது ஏசியோட எட இல்ல. உள்ள மாட்டுற பெட்டி பத்து பன்னெண்டு கிலோ வரும், வெளிய வைக்கிறது முப்பது நாப்பது கிலோ, அவ்வளவுதான். ஆனா டன்னுங்கறது எடதான், மாமனாரு சொன்னது பாதி சரி. அது ஐஸோட எட.

ஒரு டன் ஐஸ் ஒரு நாள் பூரா, அதாவது 24 மணி நேரத்துல, பூஜ்யம் டிகிரில இருந்து அப்பிடியே உருகி தண்ணி ஆகணும்னா அது சுத்தி இருக்கற எடத்துல இருந்து எவ்வளவு சூட்ட உறிஞ்சுமோ, அந்த வேகத்துல சூட்ட எடுக்கற மிசினுக்கு ஒரு டன்னுன்னு பேரு. இது அமெரிக்காகாரன் வச்ச கணக்கு, அதனால டன்னும் அவன் டன்னுதான், 2000 பவுண்டு, நம்ம கணக்குல 907 கிலோ. நம்ம லாரி டன் 1000 கிலோ, பிரிட்டிஷ்காரன் டன் 1016 கிலோ, அதெல்லாம் இங்க சேராது.

இத மாமனாருட்ட சொன்னதும் அவரு மொகமே மாறிட்டு. படிச்சவங்களுக்கு வெளங்க வைக்கறதுதான் கஷ்டம், ஐஸ் பிளாண்ட்ல நின்னவருக்கு ஒரு நிமிசம் போதும். அம்பது கிலோ கட்டைன்னு வச்சு அவரே வெரல மடக்குனாரு, "ஒரு டன்னுக்கு பதினெட்டு கட்ட, ஒன்னரைக்கு இருபத்தேழு, அப்ப ராத்திரி எட்டு மணி நேரத்துக்கு ஒம்பது கட்ட ஐஸ ரூமுக்குள்ள வச்ச மாதிரியாக்கும்!" அதேதான். முழு வேகத்துல ஓடுனா அவ்வளவுக்கும் ஈடு.

ஏன் போயும் போயும் ஐஸ வச்சு அளந்தான்னா, மிசின் வர்றதுக்கு முன்னாடி குளிருன்னாலே ஐஸ்தான். அமெரிக்காவுல குளத்துல ஒறஞ்சு கெடந்தத அறுத்து, மரத்தூள்ல பொதிஞ்சு, கப்பல்ல ஏத்தி 1833ல கல்கத்தாவுக்கே கொண்டு வந்துட்டானுவ. மெட்ராஸ் மெரினா எதுத்தாப்ல இருக்கற ஐஸ் ஹவுஸ் 1842ல அந்த ஐஸ வைக்கத்தான் கட்டுனது. (1892 கடைசில நம்ம கன்னியாகுமரி பாறையில தியானம் இருந்த விவேகானந்தர், 1897ல மெட்ராஸ் வந்தப்போ தங்குனது அந்த கட்டடத்துலதான், அதான் இப்ப விவேகானந்தர் இல்லம்.) பொறவு குளிர்பதன மிசின் வந்தப்போ வாங்குறவன் கேட்டது ஒரே கேள்வி, இது எத்தன டன் ஐஸுக்கு சமம்? அந்த கேள்வியே அளவாயிட்டு.

இனி டன்னுங்கற சொல்லு. பழைய இங்கிலீசுல டுன்னெ-ன்னா பெரிய மரப் பீப்பா, ஒயின் அடைக்கறது. அந்த பீப்பா நெறஞ்சா வர்ற எடதான் பிற்பாடு டன் ஆச்சு. நம்ம பீப்பாங்கற சொல்லு போர்த்துகீசுக்காரன் பிப்பாவுல இருந்து வந்தது, மலையாளத்துல வீப்பன்னு சொல்லுவாங்க. இங்கிலீசு ஒயின் அளவுல பைப்புன்னு ஒன்னு உண்டு, அதுவும் அதே வழியில வந்த சொல்லுதான், ரெண்டு பைப்பு சேந்தா ஒரு டன். அப்ப பழைய கணக்குல ஒரு டன்னுன்னா ரெண்டு பீப்பா! ஒயின் பீப்பால தொடங்கி எடையாகி, ஐஸாகி, கடைசில நம்ம வீட்டு செவுத்துல வந்து தொங்குது.

சவுதி துபாய் போய்ட்டு வந்த நம்மாளுங்க டன்னுன்னு சொல்ல மாட்டாங்க, "பதினெட்டாயிரம் போடு"ம்பாங்க. அது பிடியூ கணக்கு, ஒரு பவுண்டு தண்ணிய ஒரு டிகிரி பாரன்ஹீட் சூடாக்க வேண்டிய சூடு ஒரு பிடியூ. மணிக்கு 12000 பிடியூ ஒரு டன், அப்ப 18000 ஒன்னரை. வாட்ஸ்ல 3517 வாட்ஸ் ஒரு டன். இந்த கடைசி நம்பர மட்டும் மறக்காதீங்க, ஏன்னா ஸ்டார் ஸ்டிக்கர்ல குளிரூட்டும் திறன் வாட்ஸ்லதான் போட்டிருக்கும், அத 3517ஆல வகுத்துப் பாருங்க, ஒன்னரை டன்னுன்னு விக்கற சிலது ஒன்னரைய எட்டாது. நான் போன கடையில பக்கத்து பக்கத்துல இருந்த ரெண்டு "ஒன்னரை டன்"னுக்கு நம்பர் வேற வேற, கேட்டா "ரெண்டும் ஒன்னுதான் சார்"னுட்டான்.

3517 வாட்ஸா, அவ்வளவு கரண்டு இழுக்குமான்னு பயப்படாதீங்க. அது கரண்டு கணக்கு இல்ல. கரண்டு அதுல மூணுல ஒரு பங்கு, நல்ல மிசின்னா அதுக்கும் கம்மி. எப்பிடின்னா ஏசி குளிர உண்டாக்கவே இல்ல, உள்ள இருக்கற சூட்ட வெளிய எறைக்குது. கெணத்து மோட்டாரு தண்ணிய உண்டாக்கலல்ல, எறைக்கத்தான செய்யுது, அதே கததான். டன்னுங்கறது மணிக்கு எவ்வளவு எறைக்கும்ங்கற கணக்கு, மோட்டார் எச்பி இல்ல.

அதனாலதான் எனக்கு "குளிரூட்டி"ங்கற சொல்லு மேல ஒரு சின்ன வருத்தம். சோறு ஊட்டுற மாதிரி குளிர ஊட்டுதுன்னு அர்த்தம் வருது, நடக்கறதோ தலகீழ். ஐடிஐ பக்கம் போனா "குளிர்பதனம்"பாங்க, இது கொள்ளாம், பதம் பாத்து வைக்கறதுங்கற பொருள் இருக்கு. ஏர் கண்டிஷனிங்னு 1906ல பேரு வச்சவரும் ஒரு பஞ்சாலைக்காரர்தான், நூலு அறுந்து போகாம இருக்க ஈரங்காட்டி பதப்படுத்துவாங்கல்ல, அத காத்துக்கு செஞ்சாரு, அப்ப "பதம்" சரியா பொருந்துது. நம்ம விளவங்கோடு பக்கம் குளிர தணுப்புன்னு சொல்றோம், அதுல இருக்கற தண் தான் தண்ணியிலயும் இருக்கு, தண்+நீர், குளிர்ந்த நீர். நாம அதையும் சுட வச்சு சுடுதண்ணின்னு குளிக்கறோம், அது வேற. டன்னுக்கு தமிழ்ல என்ன எழுதலாம்னா "குளிர்பதன டன்"னு எழுதுனா அலகு தெளிவா இருக்கும், பொதுவா அளவச் சொல்ல "குளிர்த்திறன்" போதும். கடையில போயி குளிர்த்திறன் எவ்வளவுன்னு கேட்டா முழிப்பான், அங்க டன்னுன்னே கேளுங்க.

இன்வெர்ட்டர் ஏசின்னா கரண்டு போனாலும் ஓடும்னு நெனைக்கறவங்க இன்னும் இருக்காங்க, ஓடாது. வீட்டு பேட்டரி இன்வெர்ட்டர் வேற. இது கம்ப்ரசர் வேகத்த கூட்டிக் கொறைக்கற வித்த, அப்ப டன்னும் நெலையா நிக்காது, ரூம் தணுத்ததும் அரை டன் அளவுக்கு கூட எறங்கி ஓடும்.

பெருசா வாங்கிட்டா நல்லதுதானன்னு கேப்பீங்க. எங்களுக்கும் கடையில ரெண்டு டன் தள்ளப் பாத்தாங்க, நூத்தம்பது சதுரடி ரூமுக்கு! நம்ம ஊரு கடல் காத்து ஈரம். அளவுக்கு மிஞ்சுன ஏசி சட்டுன்னு குளிர வச்சிட்டு நின்னுரும், ஈரத்த எடுக்க நேரம் இருக்காது, ஒடம்பு குளுந்து போயும் பிசுபிசுன்னே இருக்கும். டன்னுல ஒரு பங்கு காத்த குளுத்தறதுக்கும் ஒரு பங்கு ஈரத்த எடுக்கறதுக்கும் பிரிஞ்சு போகுது, காத்துல இருக்கற ஆவி சொட்டா மாறும்போது விடுற சூட்டையும் அதே மிசின்தான் எறைக்கணும். அந்த சூட்டுக்கு பள்ளிக்கூட புத்தகத்துல "உள்ளுறை வெப்பம்"னு பேரு, யாரு வச்சாங்களோ, அழகான சொல்லு, தெர்மாமீட்டர்ல தெரியாம உள்ளயே உறையற சூடு. ஒரு லிட்டர் தண்ணி சொட்டணும்னா கிட்டத்தட்ட ஏழு கிலோ ஐஸ் உருகுற அளவு செலவு.

ஏசி மாட்டுன மறுநா காலையில மாமனாரு பின்பக்கம் போயி டிரெயின் பைப்புக்கு கீழ வச்ச பக்கெட்ட பாத்தாரு, பத்து லிட்டர் பக்கெட்டு, விளிம்பு வர நெறஞ்சிருந்துது. வெரல விட்டுப் பாத்துட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. "ஒம்பது கட்டையில ஒன்னரை கட்ட இதுக்கே போச்சு"ன்னு சொல்லிட்டு அந்த தண்ணிய கருவேப்பில மூட்டுல ஊத்துனாரு.