பெண்களின் புற்றுநோய்: காப்பீட்டு அட்டைக்கு முன்னே நடப்பவை

ஏழைப் பெண்ணின் புற்றுநோய்க்கு அரசு என்ன செய்கிறது என்று கேட்டால் பெரும்பாலோர் காப்பீட்டு அட்டையைத்தான் காட்டுவார்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை வழங்கும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் பெரிய துணைதான். ஆனால் அது நோய் வந்த பிறகே உதவிக்கு வருகிறது. திருநெல்வேலிப் பக்கம் மகளிர் மருத்துவராகப் பணியாற்றும் எனக்கு, புற்றுநோயைப் பற்றி ஒரு வரிகூடப் பேசாத சில திட்டங்களே நோய் வரும் வாய்ப்பைக் குறைப்பதாகத் தோன்றுகிறது.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்கள் ஏறத்தாழ எல்லாவற்றுக்கும் காரணம் எச்.பி.வி. என்னும் வைரஸ். மிக இளம் வயதில் மணம், அடுத்தடுத்துப் பிரசவம், புகையிலை ஆகியவை அந்தத் தொற்று புற்றாக மாறும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. 1989-இல் தொடங்கிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டம் பெண்ணின் படிப்பை நிபந்தனையாக வைத்தது. 2022 முதல் அதுவே உயர்கல்வி பயிலும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமாகியிருக்கிறது. கல்லூரிக்குப் போகும் பெண்ணின் கல்யாணம் சில ஆண்டுகளாவது தள்ளிப்போகும். அதே வேளையில், முதல் குழந்தை தாமதமாவதும் பிள்ளைகள் குறைவதும் மார்பகப் புற்றுநோயின் வாய்ப்பைச் சற்றே உயர்த்தும் என்பதையும் மறைக்கக் கூடாது. இதற்காகப் படிப்பை யாரும் குறை சொல்லப் போவதில்லை. தாய்ப்பால் கொடுக்கும் காலம் நீள நீள அந்த வாய்ப்பு குறைகிறது; ஆகவே கூலிப் பெண் பச்சைக் குழந்தையை விட்டு உடனே வேலைக்கு ஓடாமலிருக்க உதவும் மகப்பேறு நிதியை, தடுப்பு மருத்துவத்தின் ஒரு பகுதியாகவே நான் கருதுகிறேன்.

முக்கூடல், மேலப்பாளையம், வீரவநல்லூர் பக்கத்துப் பெண்களின் நிலை இன்னும் சிக்கலானது. மடியில் தட்டை வைத்துக்கொண்டு காலை முதல் மாலை வரை புகையிலைத் தூளைச் சுவாசித்தபடி பீடி சுற்றுகிறார்கள். சிலர் அந்தத் தூளிலேயே ஒரு சிட்டிகையை வெற்றிலையோடு வாயில் அடக்கிக்கொள்கிறார்கள். வாய்ப்புற்றுக்கு அது நேர்வழி. கூலியோ ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கணக்கு. மாதவிடாய் நின்று பல ஆண்டுகளான ஒரு பெண், மறுபடி இரத்தம் படுவதைச் சில மாதங்கள் பொறுத்துவிட்டு வந்தார். ஏன் தாமதம் என்று கேட்டதற்கு, "ஒரு நா ஆஸ்பத்திரிக்கு வந்தா அன்னைக்கு தட்டுல கை வைக்க முடியாதுல்லா டாக்டரம்மா" என்றார். பீடித் தொழிலாளர் நலனுக்கென 1976-இல் கொண்டுவரப்பட்ட தனி வரி, 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது நீக்கப்பட்டது. பரிசோதனைக்கு வரும் நாளின் கூலியை ஈடுகட்ட ஒரு வழி இல்லாதவரை, எத்தனை முகாம் நடத்தினாலும் கூட்டம் குறைவாகவே இருக்கும் என்பது என் கருத்து.

சிகிச்சைக் கட்டத்தில் பேருந்து பெரிய காரியம் செய்கிறது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கு வெளிக்கதிர் சிகிச்சை பொதுவாக வாரத்துக்கு 5 நாள், ஏறத்தாழ 5 வாரம் நடக்கும். இடையில் நிறுத்தினால் பலன் குறையும். பாதியில் நின்றுபோகிறவர்கள் சொல்லும் காரணங்களில் வலிக்கு முன்னால் வண்டிச்செலவு வந்துவிடும். 2021 மே மாதம் தொடங்கிய கட்டணமில்லாப் பயணம் பெரும்பாலும் சாதாரண நகரப் பேருந்துகளுக்கே பொருந்தும் என்பதால், தொலைவில் மலையடிவாரத்தில் இருப்பவர்களுக்கு அந்தச் சலுகை பாதி வழிதான் உதவுகிறது. மீதி வழிக்கு 2023 செப்டம்பர் முதல் வரும் மகளிர் உரிமைத் தொகையிலிருந்து எடுப்பதாகச் சில பெண்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

30 வயது கடந்த பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையும் மார்பகப் பரிசோதனையும் இலவசம். கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி ஒரு நிமிடம் காத்திருந்தால் மாறுபட்ட பகுதி வெண்மையாகத் தெரியும். ஊசியோ மயக்கமோ இல்லை. வீட்டுக்கு வந்து சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டப் பணியாளரிடம் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு இந்தப் பரிசோதனைகளைச் செய்கிறார்கள் என்று கேட்டு வைத்துக்கொண்டால், பீடிக் கடையில் சரக்கு ஒப்படைக்கப் போகிற நாளிலேயே இதையும் முடித்துவிடலாம்.