யார் கண்ணுக்கு அந்த லோகோ?

டர்பனை அடுத்த ஃபீனிக்ஸிலிருந்து ஒரு வாசகி எழுதிக் கேட்டிருக்கிறார். எட்டாம் வகுப்பு படிக்கும் அவர் மகளுக்கு, பள்ளியில் சிவ்வீஸ் டே என்றால் அன்று காலையில் தவறாமல் வயிற்றுவலி வந்துவிடுகிறதாம். வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: தென்னாப்பிரிக்கப் பள்ளிகளில் பெரும்பாலும் சீருடைதான். எப்போதாவது ஒரு நாள், சில ரேண்ட் கட்டிவிட்டுச் சொந்த உடையில் வரலாம். அந்தப் பணம் பள்ளி நிதிக்கோ ஏதாவது தர்மத்துக்கோ போகும். அதுதான் சிவ்வீஸ் டே. யார் காலில் என்ன டக்கீஸ் என்பது அன்றைக்குத்தான் ஊருக்கே தெரியவரும். ஸ்னீக்கர்ஸை இங்கே அப்படித்தான் சொல்வோம். "நல்ல பிராண்ட் இல்லையென்றால் பிள்ளைகள் மட்டுமில்லை, டீச்சர்கூடத் தன்னை மட்டமாகப் பார்க்கிறார் என்கிறாள். நிஜமாகவே அப்படி நடக்குமா, இல்லை வயசுக் கோளாறா?" என்கிறார் அந்த அம்மா.

வயசுக் கோளாறு இல்லை. நடக்கத்தான் செய்கிறது, அதுவும் நாம் நினைப்பதைவிட வேகமாக.

முகத்தைப் பார்த்தே ஆளை எடைபோட்டுவிடுகிறோம், அதற்கு 0.1 விநாடி போதும் என்று 2006-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஜனைன் வில்லிஸும் அலெக்சாண்டர் டோடோரோவும் காட்டினார்கள். அதே டோடோரோவ், டாங்வான் ஓ, எல்டார் ஷஃபீர் ஆகியோரோடு சேர்ந்து பின்னால் செய்த ஒன்பது சோதனைகள்தான் நம் கேள்விக்கு நெருக்கமானவை. முகத்தை அப்படியே வைத்துக்கொண்டு, கழுத்துக்குக் கீழே உடையை மட்டும் மாற்றினார்கள். கந்தலும் கோட்டும் மாதிரிப் பெரிய வித்தியாசமெல்லாம் கிடையாது. இரண்டுமே சாதாரண உடைகள். ஒன்று கொஞ்சம் வசதியாகத் தெரியும், மற்றது கொஞ்சம் வசதி குறைவாகத் தெரியும், அவ்வளவுதான். பிறகு, "இந்த முகத்துக்காரர் எவ்வளவு திறமைசாலி?" என்று கேட்டார்கள். வசதியான சட்டைக்கு மேலே இருந்தபோது அதே முகம் அதிகத் திறமையான முகமாகிவிட்டது. படத்தைச் சுமார் 0.13 விநாடி மட்டும் காட்டியபோதும் இதே கதைதான்.

அந்த எண்ணைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்குப் பார்வையைத் திருப்பக் கண்ணுக்குச் சுமார் 0.2 விநாடி பிடிக்கும். ஆக, முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவரின் கண் சட்டைக்கு இறங்க நேரமே இருந்திருக்காது. சட்டையைப் பார்க்காமலே படித்துவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

இதைத் தடுக்க ஆராய்ச்சியாளர்கள் செய்து பார்க்காத வித்தை இல்லை. "இவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி வேலை பார்ப்பவர்கள், ஒரே அளவு சம்பளம்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். "உடையைக் கணக்கில் எடுக்காதீர்கள்" என்று எச்சரித்தார்கள். சரியாக மதிப்பிட்டால் பரிசுப்பணம் என்றார்கள். எதுவும் பலிக்கவில்லை.

ஏன் இந்த அவசரம்? எனக்குப் பிடித்த இடத்துக்கு இப்போது வருகிறேன். இதற்குக் கொஞ்சம் ஊரைவிட்டு வெளியே போக வேண்டும்.

டர்பனிலிருந்து ஜோபர்க் போகும் என்3 சாலையில் வான் ரீனன் கணவாய் ஏறியதும் புல்வெளி ஆரம்பிக்கும். கோடையில் போனால், புல்லுக்கு மேலே ஒரு கறுப்புத் துணியை யாரோ மெதுவாக இழுத்துக்கொண்டு போவதுபோல ஒரு பறவை பறக்கும். நீள்வால் விடோபேர்டின் ஆண் அது. குருவியைவிடக் கொஞ்சம் பெரிய உடம்பு; வால் மட்டும் அரை மீட்டர். காற்றடித்தால் திணறும். அந்த வாலை வைத்துக்கொண்டு இரை தேடுவதும் கஷ்டம், பருந்திடம் தப்புவதும் கஷ்டம். இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் வால் உதிர்ந்து பெட்டை மாதிரி மங்கல் பழுப்பாகிவிடும். அப்படியானால் அந்தச் சில மாதங்களுக்கு எதற்கு இந்தச் சுமை?

1975-இல் இஸ்ரேலியப் பறவையியலாளர் அமோட்ஸ் ஸஹாவி சொன்ன பதில் அப்போது பலருக்குப் பைத்தியக்காரத்தனமாகப் பட்டது: சுமையாக இருப்பதுதான் அதன் பயனே. "இவ்வளவு பெரிய தொல்லையை வைத்துக்கொண்டும் நான் உயிரோடு இருக்கிறேன் பார்" என்பதுதான் வால் சொல்லும் சேதி. நோஞ்சான் பறவையால் இந்தச் சேதியைப் பொய்யாகச் சொல்ல முடியாது. சொல்ல முயன்றால் செத்துவிடும். 1990-இல் உயிரியலாளர் ஆலன் கிராஃபன் இதைக் கணிதமாக எழுதிக் காட்டிய பிறகுதான் சந்தேகப்பட்டவர்கள் வாயடைத்தார்கள். அந்தக் கணிதத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. வால் எல்லோருக்கும் ஒரே அளவு பாரமாக இருந்தால் கதை நடக்காது. பலசாலிக்கு லேசாகவும் பலவீனனுக்குக் கனமாகவும் இருக்க வேண்டும். பத்தாயிரம் ரேண்ட் கைப்பை எல்லோருக்கும் பத்தாயிரம் ரேண்ட்தான். ஒருத்திக்கு அது சில்லறை, இன்னொருத்திக்கு நான்கு மாத வாடகை. கைப்பை பேசுவது அந்த வித்தியாசத்தை.

இது கதையா நிஜமா என்று பார்க்க, மால்ட்டே ஆண்டர்சன் என்ற ஸ்வீடன்காரர் கென்யாவில் இந்தப் பறவைகளைப் பிடித்தார். சிலவற்றின் வாலை வெட்டினார். வெட்டிய துண்டை வேறு சிலவற்றின் வாலில் பசைபோட்டு ஒட்டி நீளமாக்கினார். இன்னும் சிலவற்றுக்கு வெட்டி, அதே துண்டைத் திருப்பி ஒட்டினார், பசையால் ஏதும் வித்தியாசம் வருகிறதா என்று பார்க்க. 1982-இல் முடிவு வெளிவந்தது. ஒட்டுவால்காரர்களின் எல்லைக்குள்தான் பெட்டைகள் அதிகமாகக் கூடு கட்டின. டூப்ளிகேட் வால், அசல் மரியாதை. ஆனால் வால் குட்டையான ஆண்களிடமிருந்து மற்ற ஆண்கள் இடத்தைப் பறித்துவிடவில்லை. ஆண்களுக்கு அந்த வால் ஒரு பொருட்டே இல்லை போலிருக்கிறது.

அப்படியானால் ஆண்கள் எதைப் பார்க்கிறார்கள்? இதற்கு விடை நம் க்வாஸூலு-நட்டாலிலேயே கிடைத்தது. இங்கே சிவப்புக் கழுத்துப்பட்டை விடோபேர்ட் என்று ஓர் உறவுக்காரப் பறவை இருக்கிறது. ஆணுக்கு நீண்ட வாலும் உண்டு, தொண்டையில் சிவப்புப் பட்டையும் உண்டு. சாரா பிரைக், ஸ்டஃபான் ஆண்டர்சன், மைக்கேல் லாஸ் மூவரும் 2000-களின் தொடக்கத்தில் இரண்டையும் தனித்தனியாக மாற்றிப் பார்த்தார்கள். பெட்டைகள் வாலை மட்டும் பார்த்தன. பட்டை எப்படியிருந்தாலும் அவற்றுக்குக் கவலையில்லை. ஆண்களோ பட்டையைப் பார்த்துத்தான் ஒதுங்கின. பட்டை பெரிதாகவும் சிவப்பாகவும் தீட்டப்பட்ட ஆணுக்குப் பெரிய எல்லை கிடைத்தது. ஒரே உடம்பில் இரண்டு விளம்பரங்கள், ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு வாசகர்கள்! இதைப் படித்த நாளிலிருந்து எந்தக் கல்யாண வீட்டிலும் என்னால் சாதாரணமாக உட்கார முடிவதில்லை.

பறவையின் வாலை வெட்டி ஒட்டவா வரிப்பணம் என்று கேட்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆராய்ச்சிக்கு நிதி ஒதுக்கும்போது முதலில் கேலிக்கு ஆளாவது இந்த மாதிரி வேலைதான். பேட்டிக்கு எந்த நிற உடுப்பு ராசி என்று சோதிடருக்குக் கொட்டிக்கொடுக்கும் பணத்தில் நூற்றில் ஒரு பங்கு புல்வெளிக்கு வந்தால் போதும். பேட்டி அறையில் உடுப்பு என்ன செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள அதுதான் நல்ல வழி.

மனிதர்களிடம் வருவோம். நெதர்லாந்தின் டில்பர்க் பல்கலைக்கழகத்தில் ராப் நெலிஸனும் மரைன் மைய்யர்ஸும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பெண் கடைவீதியில் போவோர் வருவோரை நிறுத்தி ஒரு கேள்வித்தாளை நிரப்பித் தரச் சொன்னார். மேலாடையில் டாமி ஹில்ஃபிகர் லோகோ இருந்தபோது 52 சதவீதம் பேர் சம்மதித்தார்கள். லோகோ இல்லாதபோது 13 சதவீதம். வீடு வீடாகப் போய் நன்கொடை வசூலித்தபோது லோகோவுக்கு ஒரு வீட்டுக்குச் சராசரியாக 34 யூரோ சென்ட், இல்லாததற்கு 19. நன்கொடை வாங்க வந்தவரிடம் பணக்கார அடையாளம் இருந்தால் அதிகம் கொடுக்கிறார்கள் என்றால், நம் மூளைக்கு நியாயத்தைவிட அந்தஸ்து முந்திக்கொள்கிறது என்றுதானே அர்த்தம்? ஆனால் என்னைக் கவர்ந்தது இன்னொரு சோதனை. பணத்தை நம்பி ஒப்படைக்கும் விளையாட்டு அது. எதிராளி லோகோ போட்டிருந்தால் அதிகம் கொடுத்தார்கள். அந்தச் சட்டையை ஆராய்ச்சியாளர்தான் போடக் கொடுத்தார் என்று தெரிந்ததும் வித்தியாசம் காணாமல் போனது. துணியின் அழகோ தரமோ வேலை செய்திருந்தால், யார் கொடுத்தது என்பது எதற்கு? வேலை செய்தது, "இவர் தன் பணத்தில் இதை வாங்கியிருக்கிறார்" என்ற ஊகம்.

விலை ஏற ஏற லோகோவும் பெரிதாகும் என்று நினைப்போம். 2010-இல் ஹான், நூனஸ், ட்ரேஸ் மூவரும் கூச்சி, லூயி விட்டான் கைப்பைகளின் விலையையும் லோகோ அளவையும் ஒப்பிட்டார்கள். விலை கூடிய பைகளில் லோகோ அடங்கிப்போயிருந்தது. பெரிய லோகோ தெருவில் போகிறவர்களுக்கானது. தைத்த விதத்தையும் கொக்கியையும் பார்த்தே கண்டுபிடிக்கிறவர்களுக்கு லோகோ தேவையில்லை, அவர்கள் கண்ணில் பட்டால் போதும். வாலும் கழுத்துப்பட்டையும்தான் மறுபடி. செப்டம்பர் 24 ஹெரிட்டேஜ் டே அன்று நம் பிள்ளைகள் பாவாடை தாவணியில் பள்ளிக்குப் போகிறார்கள். அது காஞ்சிப் பட்டா, செயற்கைப் பட்டா என்று ஸூலுத் தோழிக்குத் தெரியாது, டீச்சருக்கும் தெரியாது. அழகாக இருக்கிறது என்பதோடு முடிந்தது. அதே பாவாடை தீபாவளிக்குக் கோவில் வாசலில் வந்தால் நம் அத்தைமார்களுக்கு 0.13 விநாடிகூட வேண்டாம்.

வீண் செலவுதான் சேதி என்பதற்கு இந்த நாட்டிலேயே ஓர் உச்சக்கட்ட உதாரணம் உண்டு. 2010-களின் தொடக்கத்தில் சொவேட்டோ, கட்லஹாங் பக்கத்து டவுன்ஷிப்களில் இஸிகோதானே என்ற இளைஞர் கூட்டங்கள் பேர்பெற்றன. வாரக்கடைசியில் கூடி ஒருவரையொருவர் மிஞ்சும் போட்டி. விலை உயர்ந்த கார்வெலா ஷூவைப் போட்டுக்கொண்டு வருவது பழைய கதை. அதைத் தீ வைத்துக் கொளுத்துவதுதான் போட்டி. பாக்கெட் பாக்கெட்டாக கஸ்டர்டைத் தரையில் ஊற்றுவார்கள். பத்திரிகைகள் தலையில் அடித்துக்கொண்டன. எனக்கு அதில் ஸஹாவியின் வால்தான் தெரிந்தது. ஷூவைக் கடன் வாங்கிப் போட்டுவரலாம், கொளுத்த முடியாது.

இதை வைத்து ஏழைகளுக்குப் புத்தி சொல்லக் கிளம்புகிறவர்களுக்கு ஒரு தகவல். வோல்ஃப்ஹார்ட் கௌஸ் என்ற பொருளியலாளர் தென்னாப்பிரிக்கக் குடும்பங்களின் செலவுக் கணக்கை ஆராய்ந்து 2013-இல் எழுதினார். ஒத்த நிலையிலுள்ள வெள்ளையர் குடும்பங்களைவிடக் கறுப்பினக் குடும்பங்களும் கலப்பினக் குடும்பங்களும், உடை போன்ற வெளியே தெரியும் பொருள்களுக்கு 35 முதல் 50 சதவீதம் அதிகம் செலவழிக்கின்றன. தோலின் நிறத்தில் இதற்குக் காரணம் இல்லை. நம்மை யாரோடு சேர்த்துப் பார்க்கிறார்களோ அந்தக் கூட்டத்தின் சராசரி வருமானம் குறைவாக இருந்தால், "நான் அவ்வளவு இல்லாதவன் இல்லை" என்று காட்டவேண்டிய அவசியம் கூடுகிறது. காட்டாமல் விட்டால் நஷ்டமும் கூடுகிறது. பணக்காரர் கூட்டத்தில் ஒருவர் கிழிந்த ஜீன்ஸில் வந்தாலும் யாரும் அவரை ஏழை என்று நினைக்கப்போவதில்லை. ஜூலை மாதம் கிரேவில் மைதானத்தில் டர்பன் ஜூலைக் குதிரைப் பந்தயத்துக்குக் குதிரையைப் பார்க்காமல் தொப்பியைக் காட்டப் போகிறவர்களை நாம் "ஃபேஷன்" என்று ரசிக்கிறோம். சொவேட்டோப் பையனை மட்டும் "ஊதாரி" என்கிறோம்.

போலிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. டிப்பெட்ஸ், டேல் இருவரும் 2004-இல் காட்டியது இது: ஒரு வகைக் குளவிகளில் முகத்திலுள்ள கறுப்புப் புள்ளிகள் அந்தஸ்தைச் சொல்லும். வலிமைக்குப் பொருந்தாத புள்ளியை வண்ணம் பூசி உண்டாக்கினால் அந்தக் குளவிக்கு அதிக அடி விழும். சில அடையாளங்களைப் பொய்யாகாமல் காப்பது செலவு இல்லை, சமூகத்தின் அடி. மனிதர்கள் இதில் குளவியை மிஞ்சியவர்கள். 1894-இல் டர்பனில், எஜமானனிடம் அடிபட்டு முன்பல் உடைந்த பாலசுந்தரம் என்ற தமிழ் ஒப்பந்தக் கூலித் தொழிலாளி, காந்தியிடம் வந்தபோது தலைப்பாகையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். வெள்ளையரைப் பார்க்கப்போகும் ஒப்பந்தக் கூலி தலைப்பாகையைக் கழற்றியாக வேண்டும் என்பது அன்றைய வழக்கம். காந்தி அதைக் கட்டிக்கொள்ளச் சொன்னார். தகுதிக்கு மீறி உடுத்தக்கூடாது என்ற ஏற்பாட்டுக்கு நம் முன்னோர் கொடுத்த விலை, கழற்றிய அந்தத் தலைப்பாகை.

இப்போது அந்த அம்மாவுக்கு. விலை உயர்ந்த டக்கீஸ் ஒன்றை மட்டும்தான் நாணயமாகச் சொல்லும்: இந்த வீட்டில் இதற்குப் பணம் ஒதுக்க முடிந்தது. பார்க்கிறவரின் மூளை அதைப் படித்துவிட்டு அங்கே நிற்பதில்லை. திறமை, அறிவு, நம்பிக்கை என்று கேட்காத சான்றிதழையெல்லாம் சேர்த்து எழுதிவிடுகிறது. பிழை அங்கேதான். டீச்சரிடம் "உடையைப் பார்க்காதீர்கள்" என்று சொல்லிப் பயனில்லை. எச்சரிக்கையும் பரிசும் தோற்றதைப் பார்த்தோம். பார்க்க முடியாமல் செய்தால்தான் பலன். விடைத்தாளில் பெயரை மறைத்துத் திருத்தலாம். பேச்சுப்போட்டிக்கோ மாணவர் தலைவர் தேர்வுக்கோ கேள்விகளையும் மதிப்பெண்ணையும் முன்கூட்டியே எழுதிவைத்துக்கொள்ளலாம்; சிவ்வீஸ் டே அன்று அவற்றை நடத்தாமல் இருக்கலாம்.

இன்னொன்று. நான் சொன்ன மனித ஆய்வுகளில் மதிப்பிட்டவர்கள் எல்லோரும் முன்பின் தெரியாதவர்கள். உங்கள் மகளின் வகுப்பு அப்படியில்லை; அங்கே அவளைத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், காசு கொடுத்து வாங்க முடியாத அடையாளங்களும் இருக்கின்றன. எங்கள் பள்ளிகளில் விளையாட்டிலோ படிப்பிலோ சிறந்தவர்களுக்கு பிளேசரில் பட்டி வைத்துத் தைத்துத் தருகிறார்கள், அவரவர் சாதனையை நூலால் எழுதியும் தருகிறார்கள். கடையில் கிடைக்காது, கடன் வாங்கவும் முடியாது. பெற்றோர் கூட்டத்தில் அடுத்த தடவை பேச வாய்ப்புக் கிடைத்தால் இதைக் கேட்டுப்பாருங்கள்: சிவ்வீஸ் டேக்கு "எந்த உடையும் சரி" என்பதற்குப் பதிலாக, விளையாட்டு ஜெர்சி என்றோ ஒரே நிறம் என்றோ வைத்தால் வசூல் குறையுமா?