கடல் உள்வாங்கிய படத்தில் இல்லாதது

ராமேசுவரம் தீவில் அவ்வப்போது ஒரு படம் செல்போன்களில் சுற்ற ஆரம்பிக்கும். சங்குமாலிலோ பாம்பனிலோ தண்ணீர் பின்வாங்கியிருக்கும். நாட்டுப்படகுகள் தரைதட்டிச் சாய்ந்து கிடக்கும். பாசி படர்ந்த பாறைகள் வெளியே தெரியும். கூடவே ஒரு வரி: ‘கடல் உள்வாங்கியது, சுனாமி வரலாம், எல்லாருக்கும் அனுப்புங்கள்.’ இதில் படம் பெரும்பாலும் உண்மையானதுதான், சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. ஒட்டுவேலை செய்த படத்தைப் பிடித்துவிடலாம். உண்மைப் படத்தின் முதுகில் ஏறிவரும் தவறான வரியை இறக்குவதுதான் பெரும்பாடு.

கடல் ஏன் பின்வாங்குகிறது? தீவுக்கு வடக்கே இருக்கும் பாக் நீரிணைப் பகுதி ஆழமே இல்லாத கடல். பெரும்பாலான இடங்களில் 15 மீட்டரைத் தாண்டாது. தாம்பாளத்துத் தண்ணீரை ஒரு பக்கமிருந்து ஊதினால் மறுபக்கம் ஏறுவதைப் போல, காற்று தொடர்ந்து அடித்தால் இந்தத் தண்ணீர் ஒருபுறம் சரியும். ஆழம் குறையக் குறையச் சரிவு கூடும். தென்மேற்குக் காற்று பலமாக வீசும் மாதங்களில் தண்ணீர் வடகரையை விட்டு விலகும். அதே நேரம் தென்கரையில் அலை மோதிக்கொண்டிருக்கும். வாடைக்காற்று காலத்தில் கதை மாறும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஓதத்தின் ஏற்ற இறக்கமும் சற்று அதிகம். காற்றும் வற்றும் நேரமும் ஒன்று சேர்ந்தால் படகுகள் மணலில் உட்கார்ந்துவிடும். பாசி எடுக்கப் போகும் பெண்களுக்கு இதெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சுனாமியின்போதும் கடல் உள்வாங்கலாம் என்பதும் உண்மையே. ஆனால் அது வேறு வேகத்தில் நடக்கும். சுனாமியின் வேகம் ஆழத்தைப் பொறுத்தது. 4,000 மீட்டர் ஆழத்தில் மணிக்கு 700 கிலோமீட்டர். 10 மீட்டர் ஆழத்துக்கு வந்தால் மணிக்கு 36 கிலோமீட்டர். 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவில் நிலம் நடுங்கி, தமிழகக் கரையில் அலை ஏற இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. ஆனால் கரைக்கு வந்த பிறகு எல்லாம் நிமிடக் கணக்குத்தான். தண்ணீர் சில நிமிடங்களில் வெகுதூரம் இறங்கும், அரை மணி நேரத்துக்குள்ளேயே திரும்பிவிடவும் கூடும். காற்று தள்ளிய தண்ணீரோ மணிக்கணக்கில் மெல்ல இறங்கி, மணிக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

ஆக இரண்டையும் பிரித்துக் காட்டுவது நேரம். ஒற்றைப் படம் காட்டாததும் அதைத்தான்.

படத்தை உற்றுப் பார்த்தால் ஓரளவு நேரத்தைப் பிடித்துவிடலாம். சாய்ந்த படகின் அடியில் மணல் ஈரமாக மின்னுகிறதா, வெளுத்துக் காய்ந்திருக்கிறதா? பாறைமேல் பாசி பளபளக்கிறதா, வாடித் தொங்குகிறதா? மணலில் காக்கை நடந்த தடம், யாரோ சிப்பி பொறுக்கிய குழி தெரிகிறதா? இவை இருந்தால் தண்ணீர் இறங்கி வெகுநேரமாகிவிட்டது. படகின் பதிவு எண்ணையும் பாருங்கள். தமிழகப் படகில் ‘டிஎன்’ இருக்கும், கேரளப் படகில் ‘கேஎல்’ இருக்கும். ‘பாம்பன், இன்று காலை’ என்று வந்த படத்தில் நிற்பவை எல்லாம் கேரளப் படகுகள் என்றால் மேற்கொண்டு ஆராய ஒன்றுமில்லை.

படம் எடுக்கும்போது செல்போன் அந்தக் கோப்புக்குள்ளேயே தேதி, நேரம், அனுமதி கொடுத்திருந்தால் இடம் ஆகியவற்றையும் எழுதிவைக்கிறது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும்போது படம் சுருக்கப்படுகிறது, அந்தக் குறிப்புகளும் உதிர்ந்துவிடுகின்றன. மூன்று வருடத்துக்கு முந்தைய படம் இன்று காலைப் படமாக வேடம் கட்டுவது இப்படித்தான். குரல் பதிவு இன்னும் மோசம். ‘இன்று இரவு ஜாக்கிரதை’ என்று பதறும் குரலுக்குத் தேதியே கிடையாது. அது எந்த இரவிலும் செல்லுபடியாகும்.

வாட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறியோடு வரும் செய்தி, குறைந்தது ஐந்து கை மாறி வந்தது என்று பொருள். அதை ஒரு முறையில் ஒரே ஓர் உரையாடலுக்குத்தான் அனுப்ப முடியும். 2020 ஏப்ரலில் வந்த கட்டுப்பாடு இது. உள்ளடக்கம் மறையாக்கப்பட்டிருப்பதால் நிறுவனத்தால் செய்தியைப் படிக்க முடியாது. எத்தனை கை மாறியது என்ற கணக்கு மட்டும் செய்தியோடு பயணிக்கிறது. ஆனால் ஒருவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினாலோ எழுத்தை நகலெடுத்து ஒட்டினாலோ கணக்கு முதலிலிருந்து தொடங்கும். அம்புக்குறி இல்லை என்பதால் செய்தி புதிது என்று நம்பிவிட முடியாது.

அதிகாரப்பூர்வ எச்சரிக்கையின் கட்டுமானம் இதற்கு நேர் எதிர். ஹைதராபாதில் உள்ள இன்காய்ஸ் (இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம்) 2007 முதல் சுனாமி எச்சரிக்கை வெளியிடுகிறது. நிலநடுக்க அலைகள் நொடிக்குப் பல கிலோமீட்டர் ஓடுவதால் சில நிமிடங்களில் நிலநடுக்கத்தின் இடமும் அளவும் கிடைத்துவிடுகின்றன. பிறகு கடலடி அழுத்தமானிகளும் கரையோர ஓதமானிகளும் அலை உண்மையிலேயே கிளம்பியதா என்று சொல்கின்றன. ஒவ்வோர் அறிக்கைக்கும் வரிசை எண்ணும் நேரமும் உண்டு, அடுத்த அறிக்கை முந்தையதைத் திருத்தும். 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ரா அருகே 8.6 அளவில் நிலம் நடுங்கியபோது எச்சரிக்கை வந்தது. தட்டுகள் பக்கவாட்டில் உரசியதால் கடல்தரை பெரிதாக மேலெழவில்லை, பேரலையும் வரவில்லை. எச்சரிக்கை விலக்கிக்கொள்ளப்பட்டது. குரல் பதிவை யாரும் விலக்கிக்கொள்வதில்லை.

பாம்பன் துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டும் இந்த ஜாதிதான்: ஏற்றினால் ஒரு செய்தி, இறக்கினால் ஒரு செய்தி. 1, 2 என்றால் ஆபத்து தொலைவில். 8 முதல் 10 வரை பெரும் ஆபத்து. என்னை மிகவும் கவர்வது 11. வானிலை மையத்துடன் தொடர்பு அறுந்துவிட்டது, நிலைமை மோசம் என்று உள்ளூர் அலுவலரே கருதுகிறார் என்பது அதன் பொருள். ‘எங்களுக்குத் தகவல் வரவில்லை’ என்பதையே ஒரு தகவலாக அறிவிக்கும் இந்த நேர்மை எந்தப் பகிர்விலும் நான் கண்டதில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் சரிபார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. காலடியில் நிலம் பலமாக ஆடினாலோ, கண்ணெதிரே கடல் சில நிமிடங்களில் மளமளவென்று இறங்கினாலோ, செல்போனைப் பையில் போட்டுவிட்டு மேட்டுக்கு ஓட வேண்டும். சரிபார்ப்பு, கையில் வந்து விழுந்த படத்துக்கு. அதற்கு இரண்டு நிமிடம் போதும்: கூகுள் லென்ஸில் தேடலாம், இன்காய்ஸ் தளத்தைப் பார்க்கலாம், தெற்கே குந்துகாலில் தெரிந்தவர் இருந்தால் அங்கே தண்ணீர் எப்படி என்று கேட்கலாம்.

நீங்களே கரையில் நின்று படம் எடுத்தால், பத்து நிமிடம் கழித்து அதே தூணை, அதே இடத்திலிருந்து இன்னொரு முறை எடுங்கள். இரண்டையும் வாட்ஸ்அப்பில் புகைப்படமாக அல்ல, ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். கோப்பு சுருங்காது, எடுத்த நேரமும் உள்ளேயே இருக்கும்.