ஆன்கிலோசிங் ஸ்பான்டிலைட்டிஸ்: தமிழில் என்ன சொல்லலாம்?

கழுத்து வலி வந்தாலே நம்மூரில் "எனக்கு ஸ்பான்டிலைட்டிஸ்" என்பார்கள். பெரும்பாலும் அவர்களுக்கு இருப்பது ஸ்பான்டிலோசிஸ், அதாவது வயதோடு வரும் எலும்புத் தேய்மானம். இரண்டுமே 'ஸ்பான்டிலோஸ்' (முள்ளெலும்பு) என்ற கிரேக்கச் சொல்லில் பிறந்தவைதான், வால்தான் வேறு. 'ஐட்டிஸ்' என்று முடிந்தால் அழற்சி. அழல் என்றால் நெருப்பு. ஆன்கிலோசிங் ஸ்பான்டிலைட்டிஸ் என்ற இந்த நோயில், உடலின் நோய் எதிர்ப்பாற்றல் சொந்த மூட்டையே தாக்கும்போது அந்த நெருப்பு மூள்கிறது. பெரும்பாலும் 45 வயதுக்கு முன்பே தொடங்கிவிடும்.

முன்னால் நிற்கும் 'ஆன்கிலோஸ்' வளைந்ததைக் குறிக்கும். மருத்துவத்தில் மூட்டு இறுகிப் பிணைவதற்கு அந்தச் சொல் வந்தது. முற்றிய நிலையில் எக்ஸ்ரேயில் முதுகெலும்பு மூங்கில் கழி போலத் தெரியும்.

நோயின் கடைசிக் கட்டத்தைப் பார்த்து வைத்த இந்தப் பெயர்தான் பெண்களைப் பின்னுக்குத் தள்ளியது. இந்த நோய்தான் என்று சொல்ல 1984-இல் வகுத்த அளவுகோல், எக்ஸ்ரேயில் மாற்றம் தெரிந்தாக வேண்டும் என்றது. பெண்களுக்கு அந்த மாற்றம் மெதுவாகத்தான் வரும்; வலிக்குக் குறைவிருக்காது. அதனால் இது ஆண்களின் நோய் என்றே வெகுகாலம் நம்பினார்கள். எக்ஸ்ரேயில் தெரியாத கட்டத்தையும் சேர்த்துக்கொள்ளும் 'ஆக்சியல் ஸ்பான்டிலோஆர்த்ரைட்டிஸ்' (முதுகெலும்பு சார்ந்த மூட்டழற்சி) என்ற பெயருக்கு 2009-இல் அளவுகோல் வந்தது. அந்தத் தொடக்கக் கட்டத்தில் ஆணும் பெண்ணும் ஏறத்தாழச் சமம்.

என் அக்காவுக்கு இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு தொடங்கியது. விடியற்காலை நாலு மணிக்குப் புரண்டு படுக்க முடியாமல் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கிடப்பாள். எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போட்டு முடிப்பதற்குள் பாதி வலி போயிருக்கும். "சிசேரியனுக்கு முதுகுல போட்ட ஊசிதான்" என்றார்கள் வீட்டில். "ரெஸ்ட் எடும்மா" என்றார் டாக்டர். படுத்தால் கூடி, நடந்தால் குறைகிற வலிக்கு ஓய்வு! ஆறு வருஷம் அப்படியே போயிற்று. இடையில் எடுத்த எம்.ஆர்.ஐ.யும் இடுப்பு முள்ளெலும்புகளை மட்டும் காட்டியது. இந்த நோய் முதலில் பிடிப்பது அதற்குக் கீழே, திருவெலும்பும் இடுப்பெலும்பும் சேரும் சாக்ரோஇலியாக் மூட்டை. அதைக் கேட்டுப் படம் எடுக்க வேண்டும். இந்த நோயோடு தொடர்புள்ள மரபணுவைத் தேடும் எச்.எல்.ஏ-பி27 ரத்தப் பரிசோதனை நெகட்டிவ் என்றாலும், ரத்தத்தில் அழற்சியின் அளவைக் காட்டும் சி.ஆர்.பி. சரியாக இருந்தாலும், நோய் இல்லை என்று ஆகாது.

சரி, தமிழில்? சிலர் 'தண்டுவட அழற்சி' என்று எழுதுகிறார்கள். அது தவறு, தண்டுவடம் என்பது உள்ளே ஓடும் நரம்புத் தண்டு. எலும்பைத்தான் சொல்ல வேண்டும். 'இறுகிய' என்றாலோ பழைய எக்ஸ்ரே சிக்கல் திரும்ப வந்துவிடும். எனக்குப் பிடித்தது 'இறுகு முள்ளெலும்பழற்சி'. ஊறுகாய் போல வினைத்தொகை. இறுகிய, இறுகுகின்ற, இறுகும் மூன்றும் அதில் அடங்கும். இன்னும் இறுகாத முதுகோடு வலியில் துடிக்கிற பெண்ணுக்கும் அந்தப் பெயரில் இடமுண்டு.

பார்க்க வேண்டியவர் ரூமட்டாலஜிஸ்ட். 'வாதநோய் நிபுணர்' என்றால் பக்கவாதம் நினைவுக்கு வருவதால், 'மூட்டழற்சி மருத்துவர்' என்பதே நல்லது. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இதற்குத் தனித்துறையே உண்டு. அங்கே போய் "முதுகு வலி" என்று மட்டும் சொல்லாதீர்கள். "3 மாதத்துக்கு மேலாக வலி, பின்னிரவில் விழிப்பு வருகிறது, காலையில் அரை மணிக்கு மேல் இறுக்கம், நடந்தால் குறைகிறது" என்று சொல்லுங்கள். கண் சிவந்து வலித்திருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.