கோ தாவில் டைவிங் கற்றுத்தரப் போகிறவர்களுக்கு: ஒர்க் பெர்மிட் விதிகளும் உரிமைகளும்

தாய்லாந்து மொழியில் ‘கோ’ என்றால் தீவு, ‘தாவ்’ என்றால் ஆமை. தாய்லாந்து வளைகுடாவில் சுமார் 21 சதுர கிலோமீட்டரே உள்ள இந்த ஆமைத் தீவில், தடுக்கி விழுந்தால் ஒரு டைவிங் கடை வாசலில்தான் விழ வேண்டும். புதிதாக ஸ்கூபா (காற்றுச் சிலிண்டரோடு நீருக்கடியில் மூழ்கும் டைவிங்) கற்பவர்கள் உலகிலேயே அதிகம் கூடும் இடங்களில் இதுவும் ஒன்று. கற்றுக்கொள்ள வந்து, பிடித்துப்போய், இன்ஸ்ட்ரக்டராகவே தங்கிவிட நினைப்பவர்களும் நிறைய.

பேடி, எஸ்எஸ்ஐ போன்ற டைவிங் பயிற்சி அமைப்புகள் தரும் இன்ஸ்ட்ரக்டர் அட்டை கற்றுத்தரும் தகுதிக்கான சான்று மட்டுமே. தாய்லாந்தில் வேலை பார்க்க அது அனுமதி ஆகாது. அதற்கு நான்-இமிக்ரண்ட் பி என்ற விசாவும், தொழிலாளர் அமைச்சகத்தின் ஒர்க் பெர்மிட்டும் வேண்டும். இந்தியாவில் இருந்து போகிறவர்கள் விசாவுக்கு இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். 2025 ஜனவரியில் இருந்து இ-விசாதான். விசா இல்லாமல் சுற்றுலாப் பயணியாக இறங்கிவிட்டு வேலை செய்வது குற்றம். 2024 ஜூலையில் வந்த டிடிவி என்ற ஐந்தாண்டு விசாவைச் சிலர் குறுக்குவழியாக நினைக்கிறார்கள். அது முக்கியமாக வெளிநாட்டு நிறுவனத்துக்கு லேப்டாப்பில் வேலை செய்பவர்களுக்கானது. தாய்லாந்துக் கடையில் சம்பளம் வாங்க அதில் இடமில்லை.

சரி, அப்படியானால் கடைக்காரர் பெர்மிட் எடுத்துத் தர வேண்டியதுதானே? சிக்கலே அங்கேதான். ஒரு வெளிநாட்டவரை வைத்துக்கொள்ள, நிறுவனம் பொதுவாக 20 லட்சம் பாட் பதிவு மூலதனம் காட்ட வேண்டும். விசாவை ஓராண்டுக்கு நீட்டிக்கப் போகும்போது, ஒரு வெளிநாட்டவருக்கு நான்கு தாய்லாந்து ஊழியர் என்ற கணக்கையும் குடிவரவுத் துறை பார்க்கும். ஐந்து இன்ஸ்ட்ரக்டர் என்றால் இருபது உள்ளூர் ஆட்கள். சின்னக் கடைக்கு இது எட்டாத கணக்கு. அதனால்தான் “முதலில் வேலையைத் தொடங்குங்கள், பெர்மிட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்” என்ற பேச்சு வருகிறது. என்னைக் கேட்டால், வேலை பேசும்போது சம்பளத்துக்கு முன்னால் கேட்க வேண்டியது, “எத்தனை தாய்லாந்து ஊழியருக்கு நீங்கள் சமூகப் பாதுகாப்புச் சந்தா கட்டுகிறீர்கள்?” என்பதைத்தான். பதில் மழுப்பலாக இருந்தால் பெர்மிட்டும் அப்படித்தான் இருக்கும்.

நீட்டிப்புக்குக் குறைந்தபட்சச் சம்பளமும் உண்டு, அதுவும் பாஸ்போர்ட்டைப் பொறுத்து. மேற்கு ஐரோப்பியர், அமெரிக்கர், ஆஸ்திரேலியர், ஜப்பானியருக்கு மாதம் 50,000 பாட். இந்தியா, இலங்கை உட்பட ஆசிய நாடுகள் பலவற்றுக்கு 35,000. ஒரே படகில், ஒரே வேலைக்கு இரண்டு அளவுகோல்! ஆனால் கடைக்காரர் கணக்கில் நம்மவரை எடுப்பது மலிவு என்பதும் உண்மை. பேரம் பேசும்போது நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

பெர்மிட் இல்லாமல் பிடிபட்டால் 5,000 முதல் 50,000 பாட் வரை அபராதம், நாடு கடத்தல், இரண்டு ஆண்டுகளுக்குப் புது பெர்மிட் கிடையாது. வேலை கொடுத்தவருக்கு ஆள் ஒன்றுக்கு 10,000 முதல் 1,00,000 பாட். “நான் ஃப்ரீலான்ஸ், எனக்கு முதலாளியே இல்லை” என்ற வாதம் எடுபடாது. முதலாளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் தொழில் செய்வது வேலைதான் என்கிறது சட்டம்.

பெர்மிட் கையில் இருந்தாலும் எதைச் செய்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். வெளிநாட்டவர் செய்யவே கூடாத தொழில்கள் என்று 2020 அறிவிப்பில் 27 உண்டு. சுற்றுலா வழிகாட்டி அதில் ஒன்று. கடையில் நின்று பொருள் விற்பது அதே அறிவிப்பின் வேறொரு பட்டியலில் வருகிறது; அரசுகளுக்கு இடையிலான ஒப்பந்தப்படி வரும் தொழிலாளர்களுக்கு மட்டுமே அதற்கு அனுமதி. கற்றுத்தருவது அந்தப் பட்டியல்களில் இல்லை. ஆக வகுப்பு முடிந்ததும் கல்லாப் பக்கம் போய் மாஸ்க்கும் ஃபின்னும் விற்றுக்கொடுப்பது கூட வம்புதான். கடை மாறினால், புது முதலாளியின் பெயரையும் வேலை இடத்தையும் 15 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும்.

பலர் கேட்காமலே விட்டுவிடும் பகுதி உரிமைகள். தாய்லாந்தின் 1998 தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம் ஊழியரின் நாட்டைப் பார்ப்பதில்லை. வாரம் ஒரு நாள் விடுமுறை, ஆண்டுக்குக் குறைந்தது 13 பொது விடுமுறை, சம்பளத்தோடு 30 வேலைநாள் வரை நோய் விடுப்பு எல்லாம் உண்டு. நீருக்கடியில் செய்யும் வேலையை ஆபத்தான வேலையாக வகைப்படுத்தி, நாளுக்கு 7 மணி நேரம், வாரத்துக்கு 42 மணி நேரம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். வேலையில் அடிபட்டால் தொழிலாளர் இழப்பீட்டு நிதி மருத்துவச் செலவைக் கொடுக்கும். வேலைக்குப் போக முடியாத காலத்துக்கு மாதச் சம்பளத்தில் 70 சதவீதமும் தரும். காற்றழுத்த மாற்றத்தால் வரும் டைவிங் நோய்க்கான சிகிச்சை எவ்வளவு செலவு பிடிக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். உங்கள் பாஸ்போர்ட்டையோ பெர்மிட்டையோ முதலாளி வாங்கி வைத்துக்கொள்ளவும் சட்டம் தடை போடுகிறது.

சிறு கணக்குகள் சில. ஓராண்டு பெர்மிட்டுக்கு அரசுக் கட்டணம் 3,000 பாட், விசா நீட்டிப்புக்கு 1,900. இதை யார் கட்டுவது என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள். 90 நாளுக்கு ஒருமுறை முகவரி தெரிவிக்க வேண்டும். திரும்பி வருவதற்கான ரீ-என்ட்ரி அனுமதி எடுக்காமல் ஊருக்குப் போய் வந்தால் விசா போய்விடும்.

வேலையை விட்ட நாளோடு தங்கும் அனுமதியும் முடிகிறது. சாமான் கட்ட அவகாசம் வேண்டுமானால் குடிவரவு அலுவலகத்தில் 1,900 பாட் கட்டி ஏழு நாள் கேட்கலாம். இல்லாவிட்டால் நாளுக்கு 500 பாட் அபராதம் ஏறும். ஆகவே ராஜினாமாக் கடிதத்தில் தேதி போடுவதற்கு முன்னால், கரைக்குப் போகும் படகு எந்த நாளில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் கடல் கொந்தளித்தால் படகு நின்றுவிடும்.