முன்ஜாமீன்: சொல்லும் பொருளும்

பெட்ரோல் பங்க் மோசடி வழக்கில் உரிமையாளருக்கு முன்ஜாமீன் என்று செய்தி வந்தால், ஆள் தப்பித்துவிட்டார் என்றே பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். வழக்கு அப்படியேதான் இருக்கிறது, விசாரணையும் நடக்கும். கைதாகிச் சிறைக்குப் போகவேண்டிய நிலை மட்டுமே தவிர்க்கப்பட்டிருக்கிறது.

ஜாமீன் அரபியிலிருந்து வந்த சொல். 'ளாமின்' என்றால் அங்கே பொறுப்பேற்கும் ஆள். பாரசீகம், உருது வழியாகத் தமிழுக்கு வந்தபோது, ஆளைக் குறித்த சொல் அவர் தரும் உறுதியையும், அதனால் கிடைக்கும் விடுதலையையும் சேர்த்துக் குறிக்கத் தொடங்கியது. பிறகு ஆளைக் குறிக்க வேறு சொல் வேண்டியிருந்ததால் 'ஜாமீன்தாரர்' பிறந்தது.

தமிழில் இதற்குப் பிணை என்ற சொல் இருக்கிறது. பிணைத்தல் என்றால் கட்டுதல், சேர்த்தல். கடனுக்கு ஈடாக வைப்பது பிணையம். பிறருக்காகப் பொறுப்பேற்பவர் பிணையாளர். இலங்கைச் செய்தித்தாள்கள் பிணை என்றே எழுதுகின்றன. அங்கே யாருக்கும் பொருள் புரியாமல் போவதில்லை. நாமும் முன்பிணை என்று எழுதலாம். முற்பகல், முற்பிறவி போல முற்பிணை என்று புணர்த்தாலும் சரியே. இதில் எனக்குப் பிடித்தது, வெளியே விடப்பட்டவர் நிபந்தனைகளால் கட்டுண்டவர் என்பதை இந்தச் சொல்லே காட்டிவிடுகிறது.

'முன்' என்ற ஒட்டைத்தான் கவனமாகப் புரிந்துகொள்ள வேண்டும். முன்கூட்டிக் கிடைப்பது ஆணை, பிணை அல்ல. கைது நடந்தால், அந்த நொடியில்தான் அந்த ஆணை உயிர் பெறுகிறது. சட்டப்பிரிவின் வாசகத்திலும் இந்தப் பெயர் இல்லை; கைதாகலாம் என அஞ்சுபவரைப் பிணையில் விடுவதற்கான ஆணை என்றே அது பேசுகிறது. புழக்கத்தில் உள்ள 'முன்ஜாமீன்' என்ற பெயர் பொருத்தமற்றது என்று உச்ச நீதிமன்றமே 1976-இல் பால்சந்த் ஜெயின் வழக்கில் சொன்னது.

1898-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இந்த வழி கிடையாது. 1969-இல் சட்ட ஆணையத்தின் 41-ஆவது அறிக்கை பரிந்துரைத்தது. 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 438-ஆவது பிரிவாக இடம்பெற்றது. செல்வாக்குள்ளவர்கள் பகைவரைச் சிறுமைப்படுத்தப் பொய் வழக்குத் தொடுத்துச் சில நாளாவது உள்ளே வைக்கப் பார்க்கிறார்கள் என்பது ஆணையம் சொன்ன முக்கியக் காரணம். 1980-இல் குர்பக்ஷ் சிங் சிப்பியா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, முதல் தகவல் அறிக்கை பதிவாகும் முன்பே இதைக் கேட்கலாம் என்றது. ஆனால் அச்சத்துக்கு நியாயமான காரணம் இருக்கவேண்டும்.

பங்க் வழக்குக்கு வருவோம். 5 லிட்டருக்கு 25 மில்லிலிட்டர் வரையிலான வேறுபாடு அனுமதிக்கப்பட்ட பிழை. அதற்கு மேல் குறைந்தால் சட்டமுறை எடையளவுச் சட்டம், 2009 பாயும். இயந்திரத்துக்குள் சிப் பொருத்தி, காட்டும் அளவைவிடக் குறைவாக ஊற்றினால் அது திட்டமிட்ட வஞ்சகம். 2017-இல் உத்தரப் பிரதேசத்தில் அப்படிப் பல பங்க்குகள் சிக்கின. எடையளவுச் சட்டம் இருக்கும்போது தண்டனைச் சட்டத்தின் மோசடிப் பிரிவு செல்லாது என்ற வாதம் உச்ச நீதிமன்றம் வரை போனது. எடை, அளவு பற்றிய தண்டனைச் சட்டப் பிரிவுகள் மட்டுமே விலகும், மோசடிக் குற்றச்சாட்டு நிற்கும் என்று 2019-இல் அமன் மிட்டல் வழக்கில் அது தீர்ப்பளித்தது. உத்தரப் பிரதேசத்தில் 1976 முதல் முன்பிணைப் பிரிவே நீக்கப்பட்டிருந்தது. 2019-இல்தான் திரும்ப வந்தது.

இன்று இத்தகைய மோசடி, பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4) பிரிவில் வரும். ஏழாண்டு வரை சிறை. 'ஜாமீனில் வெளிவர முடியாத பிரிவு' என்று செய்திகளில் எழுதுவார்கள். அது தவறு. பிணையை உரிமையாகக் கேட்க முடியாது, நீதிமன்றம் மனம்வைத்தால் தரலாம் என்பதே பொருள். அத்தகைய குற்றங்களுக்குத்தான் முன்பிணையே தேவைப்படுகிறது.

மனு அமர்வு நீதிமன்றத்திலோ உயர் நீதிமன்றத்திலோ தாக்கலாகும். சிப்பைப் பொருத்தியவர் யார், இயந்திரம் கைப்பற்றப்பட்டதா, முத்திரை உடைந்திருந்ததா, விற்பனைக் கணக்கு போலீஸ் வசம் வந்துவிட்டதா, காவலில் வைத்து விசாரித்தால்தான் உண்மை வெளிவருமா என்பவை அங்கே எழும் கேள்விகள். குழாய் பிடித்துப் பெட்ரோல் போடும் ஊழியரையும் உரிமையாளரையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. சாவி யாரிடம், லாபம் யாருக்கு என்று பார்க்கவேண்டும்.

ஆணை கிடைத்தாலும் அழைக்கும்போது விசாரணைக்கு வரவேண்டும். சாட்சிகளை மிரட்டக் கூடாது. அனுமதியின்றி நாட்டை விட்டுப் போகக் கூடாது. தமிழ்நாட்டில் இரு பிணையாளர்களைத் தந்து, குறித்த நாட்கள் காவல் நிலையத்தில் கையெழுத்திடச் சொல்வது வழக்கம். மீறினால் ஆணை ரத்தாகலாம்.

பழைய தீர்ப்புகளைப் படிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் முன்பிணை 482-ஆவது பிரிவு. பழைய சட்டத்தின் 482 உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரத்தைக் குறித்தது. அது இப்போது 528.