சாலையின் ஓரத்தைப் பாருங்கள்

திருமங்கலத்துக்குத் தெற்கே, கண்மாய்க் கரையை ஒட்டிப் போகும் ஒரு சாலையில் சில ஆண்டுகளுக்கு முன் கோர் வெட்டப் போயிருந்தேன். போட்டு முடித்த தார்ச் சாலையில் இயந்திரத்தால் வட்டமாகத் துளையிட்டு, உருளை வடிவில் ஒரு துண்டை வெளியே எடுப்பதைத்தான் கோர் வெட்டுவது என்போம். அளந்தால் தாரின் கனம் தெரியும். ஆய்வகத்தில் எடை போட்டால் எவ்வளவு இறுகியிருக்கிறது என்பது தெரியும். அன்று அளவுகோலை எடுப்பதற்கு முன்பே விஷயம் தெரிந்துவிட்டது. வெளியே எடுத்த துண்டு என் உள்ளங்கையிலேயே இரண்டாகப் பிரிந்தது. மேலே புதுத் தார், கீழே பழைய தார், இரண்டுக்கும் நடுவே மாவு போல மெல்லிய புழுதி. விரலால் தேய்த்தால் ஒட்டிக்கொண்டு வந்தது.

பழைய தாரின் மேல் புதிதாகப் போடும்போது முதலில் புழுதி போகப் பெருக்க வேண்டும். பிறகு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ கால் கிலோ எமல்ஷனை, அதாவது தண்ணீரில் கலந்த தாரை, சீராகத் தெளிக்க வேண்டும். இரண்டு அடுக்குகளையும் ஒட்டவைக்கும் பசை அதுதான். அங்கே பெருக்கவும் இல்லை, தெளிக்கவும் இல்லை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் வந்து நின்று பார்த்தார். "போன மழைக்கு முன்னால்தானே தம்பி போட்டார்கள், அதற்குள்ளாகவா?" என்று கேட்டார். அவருக்குச் சொல்லப் பதில் இருந்தது. ஆனால் அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது, ஏனென்றால் நானும் அதே தொழிலில்தான் இருக்கிறேன்.

மதுரையில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கட்டுமானப் பொருள்களைச் சோதிக்கும் வேலையில் இருக்கும் சிவில் பொறியாளர் நான். மண், ஜல்லி, தார், கான்கிரீட் எல்லாம் என் மேசைக்கு வந்து போகும். இத்தனை ஆண்டுகளில் எனக்கு உறுதியாகிவிட்ட ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். நம் மாநில நெடுஞ்சாலைத் துறைக்குச் சாலை போடத் தெரியும். நல்ல பொறியாளர்கள் இருக்கிறார்கள், கிண்டியில் சொந்தமாக ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. போட்ட சாலையைக் காப்பாற்றுவதில்தான் சறுக்குகிறது. அந்தச் சறுக்கலைப் பார்க்க வேண்டுமானால் சாலையின் நடுவில் உள்ள குழியை விட்டுவிட்டு ஓரத்துக்கு வாருங்கள்.

அதற்கு முன், சாலை யாருடையது என்று தெரிந்துகொள்வது நல்லது. மேலூர் வழியாகத் திருச்சிக்குப் போகும் 38, திருமங்கலம் வழியாக விருதுநகருக்குப் போகும் 44, உசிலம்பட்டி வழியாகத் தேனிக்குப் போகும் 85 ஆகியவை தேசிய நெடுஞ்சாலைகள். கிலோமீட்டர் கல்லின் தலை மஞ்சளாக இருக்கும். தலை பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை. அதற்கு அடுத்து மாவட்ட முக்கிய சாலை, மாவட்ட இதர சாலை என்று வரும். இந்த மூன்றும் மாநில நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பு. ஊருக்குள் இருக்கும் தெருக்கள் மாநகராட்சியையோ நகராட்சியையோ ஊராட்சியையோ சேர்ந்தவை. தவறான அலுவலகத்துக்கு மனு கொடுத்துவிட்டு ஆறு மாதம் காத்திருந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இப்போது ஓரத்துக்கு வருவோம். தாருக்கு வெளியே இருக்கும் மண் ஓரத்தை நாங்கள் பெர்ம் என்போம். சாலையின் நடு உயர்ந்து, இரு பக்கமும் லேசாகச் சரிந்திருக்கும். மழைநீர் அந்தச் சரிவில் ஓரத்துக்கு வந்து, பெர்மைத் தாண்டி, வாய்க்காலுக்கோ வயலுக்கோ இறங்கிவிட வேண்டும். நடப்பது வேறு. புல்லும் மண்ணும் சேர்ந்து பெர்ம் தாரைவிட நாலு விரல் உயர்ந்துவிடுகிறது. தண்ணீர் வெளியேற வழியில்லாமல் தாரின் விளிம்பிலேயே கட்டி நிற்கிறது. வேறு சில இடங்களில் தார்மேல் தார் போட்டுச் சாலை உயர்ந்துகொண்டே போக, பெர்ம் பள்ளமாகக் கிடக்கிறது. எதிரே பேருந்து வரும்போது மோட்டார் சைக்கிள்காரர் ஒதுங்கினால், அந்த முக்கால் அடி இறக்கத்தில் சக்கரம் விழுந்து வண்டி சாய்கிறது. விளிம்பும் துண்டு துண்டாக உடைகிறது.

நம் மாவட்டத்துக்குத் தனிச் சிக்கல் ஒன்றும் உண்டு. திருமங்கலம், கள்ளிக்குடி, தே.கல்லுப்பட்டி, பேரையூர்ப் பக்கம் கரிசல் மண். மழையில் ஊறி உப்பும், கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். பருத்திக்கு வரமான மண் சாலைக்குச் சோதனை. மண்ணின் தாங்கும் திறனை அளக்கும் சி.பி.ஆர். சோதனையில் மாதிரியை நான்கு நாள் தண்ணீரில் ஊறவைத்துத்தான் அழுத்திப் பார்ப்போம். கரிசல் ஊறிய பிறகு மிகக் குறைவாக, 2 அல்லது 3 சதவீதம்கூட வந்திருக்கிறது. அதனால்தான் கரிசலைத் தோண்டி எடுத்துவிட்டுக் கிராவல் நிரப்ப வேண்டும், அல்லது சுண்ணாம்பு கலந்து பதப்படுத்த வேண்டும் என்கிறோம். அதைச் சரியாகச் செய்திருந்தாலும் ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் பெருகி, பக்கவாட்டில் கசிந்து, சாலைக்கு அடியில் தண்ணீரைக் கடத்தும் சிறுபாலம் அடைபட்டு, அதன் அருகே தேங்கினால் அடிமண் ஊறிவிடும். அதன்மேல் கல்குவாரி டிப்பர் ஒன்று போனால் போதும். விளிம்பிலிருந்து இரண்டு மூன்று அடி உள்ளே, சாலையின் போக்கிலேயே நீளமாக ஒரு வெடிப்பு தோன்றும். அந்த வெடிப்பில் தண்ணீர் இறங்கும். பின்னால் மேற்பரப்பு வலை போல உடையும். நாம் படம் எடுத்து அனுப்பும் குழி அதற்கும் பிறகுதான் வருகிறது.

வெடிப்பாக இருக்கும்போதே அடைத்துவிட்டால் ஒரு நாள் வேலை. பெர்மைச் சீவிவிட்டால் அரை நாள். சிறுபாலத்தின் வாயில் வளர்ந்திருக்கும் சீமைக்கருவேலத்தை வெட்டி, வண்டலை வாரிப் போட்டால் இன்னும் ஒரு நாள். இதைச் செய்ய ஒரு காலத்தில் ஆட்கள் இருந்தார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் பொறுப்பாகச் சாலைப் பணியாளர்கள் மண்வெட்டியும் கூடையுமாக நடந்து போவார்கள். எந்தச் சிறுபாலத்தில் எந்தப் பக்கம் அடைக்கும் என்று அவர்களுக்கு மனப்பாடம். 2002இல் மாநிலம் முழுவதும் ஏறத்தாழ 10,000 சாலைப் பணியாளர்கள் ஒரேயடியாகப் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். 2006இல் மீண்டும் சேர்க்கப்படும்வரை 41 மாதங்கள் வெளியே இருந்தார்கள். அவர்கள் பட்ட துன்பம் பெரிது. அதைப் பற்றி அவர்களே பேசியிருக்கிறார்கள். நான் சாலையின் பக்கம் நின்று சொல்கிறேன்: ஒரு பருவமழைக்கு முன் வாய்க்கால் வாராமல் விட்டால் அடுத்த ஆண்டு சாலையில் தெரியும். 41 மாதங்களில் குறைந்தது மூன்று பருவமழை கடந்து போகும்.

குழியை மூடும் விதத்தையும் சொல்ல வேண்டும். குழியைச் சுற்றித் தளர்ந்த பகுதி முழுவதையும் சதுரமாக, சுவர் செங்குத்தாக நிற்கும்படி வெட்டி எடுக்க வேண்டும். ஈரத்தையும் தூசியையும் நீக்கி, எமல்ஷன் பூசி, கலவையை அடுக்கடுக்காகப் போட்டு இறுக்க வேண்டும். தண்ணீர் நிற்கும் குழியில் இரண்டு கூடை கலவையைக் கொட்டி, மண்வெட்டியின் முதுகால் தட்டிவிட்டுப் போனால் அது ஒரு வாரம் தாங்காது.

சூட்டைப் பற்றி ஒரு நிகழ்ச்சி. வேறொரு பணியில், தார்க் கலவை ஏற்றிய டிப்பர் வெகுதூரத்திலிருந்து வந்து, வரிசையில் நெடுநேரம் நின்றிருந்தது. கலவையைச் சாலையில் விரிக்கும் பேவர் இயந்திரத்தில் கொட்டும்போது வெப்பமானியைக் கலவைக்குள் செருகினேன். முள் 108 டிகிரியில் நின்றது. வி.ஜி.30 ரகத் தாருக்கு, விரிக்கும்போது குறைந்தது 140 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். 90க்குக் கீழே இறங்குவதற்குள் உருட்டி முடித்துவிட வேண்டும். 108இல் விரித்தால் ரோலர் இரண்டு முறை போய் வருவதற்குள் கலவை விறைத்துவிடும். பிறகு எத்தனை முறை உருட்டினாலும் இறுகாது, உள்ளே காற்றறைகள் தங்கிவிடும். அந்த லோடைத் திருப்பி அனுப்பச் சொன்னேன். அனுப்பவில்லை. மாலையில் பதிவேட்டைப் பார்த்தால் அந்த லோடுக்கு நேராக 142 என்று எழுதியிருந்தது. நான் கையெழுத்துப் போடவில்லை. அந்த இடத்தில் அடுத்த மழையிலேயே ஜல்லி பெயர்ந்து வந்தது.

மேலிருந்து பார்க்கும்போது புதுச் சாலை எல்லாமே ஒன்று போலக் கருப்பாகப் பளபளக்கும். குறை வெளியே தெரிய ஒரு மழை வேண்டும். அதற்குள் திறப்பு விழா முடிந்து, இத்தனை கிலோமீட்டர் போட்டோம் என்ற கணக்கும் போய்ச் சேர்ந்துவிடும். ஒரு துறையின் செயல்பாட்டை இந்தக் கிலோமீட்டர் கணக்கால் மட்டும் அளப்பது தவறு என்று நான் உறுதியாக நம்புகிறேன். மூன்றாவது மழைக்குப் பிறகு அதே கிலோமீட்டரில் எவ்வளவு நலமாக இருக்கிறது என்று கேட்க வேண்டும். இந்தத் துறையே அப்படி ஒரு முறையைக் கையாண்டிருக்கிறது. செயல்திறன் அடிப்படையிலான பராமரிப்பு ஒப்பந்தம் என்று அதற்குப் பெயர். முதலில் பொள்ளாச்சிக் கோட்டத்தில் கொண்டுவந்தார்கள். சாலையை ஐந்து ஆண்டுக்கு ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, குழியில்லாமல், பெர்ம் சீராக, வாய்க்கால் அடைபடாமல் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துப் பணம் கொடுப்பது. கண்காணிப்பு நேர்மையாக இருந்தால் இது நல்ல முறை. பொறுப்பு யாருடையது என்பதில் குழப்பம் இருக்காது.

தொழில்நுட்பம் நம்மிடம் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. பிளாஸ்டிக் கழிவைச் சூடான ஜல்லியின்மேல் பூசிச் சாலை போடும் முறை நம் மதுரையில், தியாகராசர் பொறியியல் கல்லூரியில் பேராசிரியர் ஆர்.வாசுதேவன் கண்டறிந்தது. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்தப் பூச்சு ஜல்லிக்கும் தாருக்கும் நடுவே தண்ணீர் புகுவதைக் குறைக்கிறது. ஆனால் எந்தப் பூச்சும் அடைபட்ட சிறுபாலத்துக்கு மாற்றாகாது.

சுமையும் ஒரு காரணம். லாரியின் ஓர் அச்சின் மேல் விழும் எடை இரட்டிப்பானால் சாலைக்கு ஏற்படும் சேதம் ஏறத்தாழ 16 மடங்கு ஆகும். நான்கு சக்கரம் கொண்ட ஒற்றை அச்சுக்கு 10.2 டன் என்றிருந்த வரம்பு 2018இல் 11.5 டன் ஆனது. அந்த உயர்வு மட்டுமே ஓர் அச்சின் சேதத்தை ஏறத்தாழ 60 சதவீதம் கூட்டுகிறது. அதற்கும் மேல் ஏற்றிக்கொண்டு போகும் எம்-சாண்ட் லாரிகளைத் தடுப்பது நெடுஞ்சாலைத் துறையின் கையில் மட்டும் இல்லை என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும்.

நீங்கள் செய்யக்கூடியவை சில உண்டு. குழிகளைத் தெரிவிக்க 'நம்ம சாலை' என்ற செயலி இருக்கிறது. அதில் குழியோடு நிறுத்திவிடாமல், மழை பெய்யும்போதே தண்ணீர் எங்கே கட்டி நிற்கிறது என்பதையும் படம் எடுத்து வையுங்கள். மழை விட்ட பிறகு எடுத்த நூறு படங்களைவிட அது பயன்படும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பலருக்கும் தெரியாத வசதி ஒன்று இருக்கிறது. 2(ஜெ) பிரிவின்படி ஆவணங்களின் நகலை மட்டுமல்லாமல், பணியையே நேரில் பார்வையிடவும், பொருள்களின் சான்றளிக்கப்பட்ட மாதிரியைப் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு. கோட்டப் பொறியாளர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கட்டணத்தோடு எழுதினால் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும். மதிப்பீட்டின் நகல், செய்த வேலையின் அளவைப் பதியும் அளவுப் புத்தகத்தின் பக்கங்கள், கோர் சோதனை முடிவு, கலவையின் வெப்பநிலைப் பதிவேடு, குறைபாடுகளை ஒப்பந்ததாரரே சரிசெய்ய வேண்டிய காலம் முடியும் தேதி ஆகியவற்றைக் கேளுங்கள். அந்தத் தேதிக்குள் சாலை பெயர்ந்தால் அரசுப் பணம் மறுபடி செலவாகக் கூடாது. ஊருக்குள் சாலை போட வந்தால், பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போடச் சொல்லுங்கள். வீட்டு வாசல் பள்ளமாகிவிடக் கூடாது என்று 2021இல் தலைமைச் செயலாளரே அறிவுறுத்தியிருக்கிறார். தரக்குறைவான சாலையால் உயிரிழப்போ ஊனமோ ஏற்பட்டால், 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 198-ஏ பிரிவின்கீழ் பொறுப்பானவர்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க முடியும். வழக்கறிஞரிடம் போகும்போது இந்தப் பிரிவை மறக்காமல் சொல்லுங்கள்.

அந்தக் கண்மாய்க் கரைச் சாலைக்கு மறுபடியும் போனேன். ஊர் இளைஞர்கள் சிலர் மதிப்பீட்டையும் அளவுப் புத்தகத்தையும் எழுதிக் கேட்டு வாங்கியிருந்தார்கள். படித்துப் பொருள் சொல்ல என்னை அழைத்தார்கள். இரண்டு சிறுபாலங்களைச் சுத்தம் செய்ததாக அளவு எழுதியிருந்தது. ஒன்று கண்ணுக்குத் தெரிந்தது. இன்னொன்று எங்கே என்று ஊரில் இளையவர் யாருக்கும் தெரியவில்லை. ஆடு மேய்க்கும் அந்தப் பெரியவர்தான் கருவேலம் புதருக்குள் கம்பை நீட்டி இடத்தைக் காட்டினார். தாளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டதும் உதவிப் பொறியாளர் நேரில் வந்தார். ஆள் வைத்துத் தோண்டினார்கள். மூன்றடி ஆழத்தில், வாய்வரை வண்டல் அடைத்த சிமெண்டுக் குழாய் ஒன்று இருந்தது. அதை வாரி எடுக்க ஒன்றரை நாள் ஆயிற்று. கார்த்திகையில் நல்ல மழை பெய்த மறுநாள் ஒரு பையன் படம் அனுப்பியிருந்தான். தண்ணீர் குழாய் வழியாக வயல் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. சாலையின் ஓரத்தில் ஈரம் மட்டும்தான் இருந்தது, தேக்கம் இல்லை.